வாளியைக் கடைசியில் எடுங்கள்: பூட்டிக் கிடந்த வளவு வீட்டைத் துப்புரவு செய்வது

ஆறு மாதம் பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வளவு வீட்டை (நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட பெரிய வீடு) திறந்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: மோட்டாரைப் போட்டு, ஹோஸ் பைப்பை இழுத்து வந்து, முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடுவார்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ நான்கு நாள்தான் இருக்கும். ஆட்கள் வந்து நிற்பார்கள். கழுவினால் வீடு உடனே பளிச்சென்று ஆகிவிடும். அதன் வினை மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். சுவரின் அடியில் முழ உயரத்துக்கு உப்புப் பூத்து, சாந்து மாவாக உதிரத் தொடங்கும். நிலைக்காலின் அடியில் கரையான் மண் ஏறியிருக்கும். அதைப் பார்க்க அப்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. இன்றைய கான்கிரீட் வீட்டில் அஸ்திவாரத்துக்கு மேல் போடும் ஈரத்தடுப்புப் பூச்சு அவற்றில் இருக்காது. தரையில் ஊற்றும் தண்ணீர் கல் இடுக்கு வழியாக இறங்கி, பக்கத்துச் சுவரில் திரிவிளக்கில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறும். ஏறும்போது மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக் கொண்டுவரும். சுவரின் முகத்தில் ஈரம் காயும்போது உப்பு படிகமாகி, அந்த அழுத்தத்தில் சாந்தை உள்ளிருந்து பிளக்கும். ஆதலால் இந்த வீடுகளுக்கு ஒரே ஒரு ஒழுங்குதான் முக்கியம்: உலர்ந்த வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் வாளி வீட்டுக்குள் வரவேண்டும். முற்றத்துக்கும் கிணற்றடிக்கும் அடுப்படித் தொட்டிக்கும் தாராளமாகத் தண்ணீர் ஊற்றலாம். அவை தண்ணீருக்கென்றே கருங்கல் பாவி, சரிவு பார்த்துக் கட்டியவை. மற்ற இடங்களில் பிழிந்த துணி போதும்.

எந்த மாதம், எத்தனை ஆள்

வருஷத்துக்கு இரண்டு முறை வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலைகள்.

முதலாவது ஆவணியில், கடைசிக் கெடுவாகப் புரட்டாசியில். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், அதற்குமுன் கூரையும் தூம்பும் முற்றத்து வடிகாலும் சரியாக இருக்கவேண்டும். இதற்கு இரண்டு ஆள், இரண்டு மூன்று நாள் போதும். உள்ளே எதையும் தொடவேண்டாம்.

இரண்டாவதுதான் பெரிய துப்புரவு. போகிக்கு முந்தைய வாரத்தில் செய்வது வழக்கமாக இருக்கிறது. பிள்ளையார் நோன்புக்கு வந்தவர்கள் அப்படியே பொங்கலுக்கும் தங்கி வீட்டைப் பார்த்துக்கொள்ள அது வசதி. ஆனாலும் மழை பிந்தி முடிந்த வருஷங்களில் மார்கழியில் சுவர் காய்ந்திருக்காது, பனியும் சேர்ந்துகொள்ளும். போகிக்குச் சாமி வீட்டையும் அடுப்படியையும் முகப்பையும் மட்டும் முடித்துவிட்டு, மற்றதைத் தை பிற்பாதிக்குத் தள்ளி வைப்பது வீட்டுக்கு நல்லது. மாசி பிறந்துவிட்டால் காரைக்குடிப் பக்கம் ஆள் பிடிப்பது கஷ்டம். முத்துமாரியம்மன் கோவில் மாசி–பங்குனித் திருவிழா முடியட்டும் என்பார்கள்.

இரண்டு கட்டு வீட்டுக்கு நான்கு ஆள், எட்டு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் திறந்து காற்றாட விடுவது. இரண்டு முதல் நான்காம் நாள் வரை ஒட்டடை, தூசி, மரம் என உலர்ந்த வேலை. ஐந்தாம் நாள் சுவர். ஆறாம் நாள் பாத்திரம். ஏழாம் நாள் தரை. எட்டாம் நாள் சும்மா காயவிடுவதற்கு. அந்த எட்டாம் நாளை எல்லாரும் முதலில் வெட்டிவிடுவார்கள். வெட்டவேண்டியிருந்தால் பாத்திர நாளை வெட்டுங்கள், காயும் நாளை விட்டுவிடாதீர்கள்.

ஆளைப் பிடிக்குமுன் பேசி முடிக்கவேண்டியது இன்னொன்று இருக்கிறது. வீடு பல புள்ளிகளுக்கு (பங்குள்ள குடும்பங்களுக்கு) பொது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஆளுக்கொன்று, சாவியும் ஆளுக்கொருவரிடம். எந்த அறைகள் திறக்கப்படும், பொது இடச் செலவைப் புள்ளிக்கு எவ்வளவு என்று பிரிப்பது, பழைய சாமானை யார் ஒதுக்குவது என்பதை முன்கூட்டியே எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். துப்புரவு நடக்கும் வாரத்தில் எதையும் விற்பதில்லை என்று ஒரு விதி வைப்பது மிக நல்லது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அலுப்பில், இடத்தை அடைக்கிறதே என்ற எரிச்சலில், அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்ட பெட்டகம் திரும்ப வராது. நகர்த்துமுன் ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சாமானைப் பழைய இடத்திலேயே வைக்க அது உதவும், ஒன்று காணவில்லை என்றால் வீண் சந்தேகமும் வராது.

வாங்கவேண்டியவை: நீளக் கம்பில் கட்டிய ஒட்டடைத் துடைப்பம் 2, பூந்துடைப்பம் 6, ஈர்க்கு மாறு 2 (முற்றத்துக்கு மட்டும்), 1 அங்குலமும் 2 அங்குலமுமாகப் புதுப் பெயின்ட் பிரஷ் 8, பழைய பருத்தி வேட்டி கிழித்த துணி குறைந்தது 40 துண்டு, என்95 முகமூடி ஆளுக்கு 4, ரப்பர் கையுறை, கனமான டார்ச் லைட், வாளி 6. இரண்டு வாளிக்குச் சிவப்பு நூல் கட்டி, கடைசி அலசல் தண்ணீருக்கென்றே ஒதுக்குங்கள். ஆசிட் பாட்டிலை வீட்டு வாசலுக்குள்ளேயே விடாதீர்கள். கக்கூஸுக்கு வாங்கியதைப் பட்டாலைக் கூடத்துத் தரையில் ஊற்றிய வீடுகள் இருக்கின்றன. அந்தத் தரைக்கு அதற்குப்பின் மருந்து கிடையாது.

திறக்கும் நாள்

ஷூ போட்டுக்கொண்டு, கையில் கம்போடு உள்ளே போங்கள். பூட்டிய அறையில் தேளும் பாம்பும் ஒதுங்கியிருக்கலாம். கதவைத் தட்டி, தரையில் கம்பால் ஓசை கிளப்பி, டார்ச் அடித்துப் பார்த்தபிறகு காலை வையுங்கள். பழைய பூட்டு திறக்காவிட்டால் தேங்காயெண்ணெய் விடவேண்டாம். இன்று இளகும், அடுத்த வருஷம் தூசியோடு பிசினாகி இறுகும். பென்சில் முனையைச் சீவி, அந்தக் கரித்தூளைச் சாவியில் தடவிப் போட்டு நான்கைந்து முறை திருப்பினால் போதும்.

மெயின் சுவிட்சைப் போடுமுன் எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்துவிடட்டும். மரக்கட்டை மேல் ஓடும் பழைய வயரிங்கில் எலி கடித்த இடம் இருக்கும். பிறகு சன்னல்கள், மாடிக் கதவுகள், முற்றத்தைப் பார்த்த கதவுகள் எல்லாவற்றையும் காலை எட்டு மணிக்குத் திறந்து மாலை நான்கரைக்கு மூடுங்கள். இருட்டியபின் திறந்து வைத்தால் பனி ஈரம் உள்ளே வரும். அந்த வீடு மூச்சுவிடுவது முற்றத்தின் வழியாகத்தான். முற்றத்து வெயிலில் சூடான காற்று மேலே எழும், சுற்றுக் கதவுகள் திறந்திருந்தால் அறைகளின் புழுங்கிய காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு நாள் முழுக்க இதைச் செய்ய விட்டால் பாதி வாடை தானே போய்விடும்.

மேல்மாடியில் புறா எச்சமும் வௌவால் எச்சமும் இருந்தால் காய்ந்தபடியே கூட்டவே கூடாது. அந்தத் தூளில் நுரையீரலைப் பிடிக்கும் பூஞ்சணம் இருக்கக்கூடும். கைத்தெளிப்பானில் தண்ணீரும் சில துளி பாத்திர சோப்பும் கலந்து நனையத் தெளித்து, பத்து நிமிஷம் விட்டு, தகரத்தால் வழித்துச் சாக்கில் கட்டுங்கள். முகமூடி கட்டாயம். ஆஸ்துமா உள்ளவரை இந்த வேலைக்கு விடாதீர்கள். நனைக்கும் வேலையில் இது ஒன்றுதான் முதல் நாளே செய்யவேண்டியது.

கூரையும் முற்றமும்

இது ஆவணி வேலை. நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் ஆள் நேராக ஏறி நடந்தால் ஒரு காலடிக்கு இரண்டு ஓடு போகும். ஏணியையோ பலகையையோ கைமரத்துக்குக் குறுக்காகப் படுக்க வைத்து, பாரம் பரவும்படி அதன்மேல் ஏறவேண்டும். இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் பள்ளத்தில்தான் வேப்பிலையும் சருகும் அடையும். மழை பிடித்ததும் தண்ணீர் அங்கே தேங்கி, ஓட்டுக்கு அடியில் புகுந்து, உத்தரத்தில் இறங்கும். சருகைக் கையால் அள்ளுங்கள். கம்பியால் குத்தினால் பள்ளத்தில் போட்ட தகரம் ஓட்டையாகும்.

கைப்பிடிச் சுவரிலும் சுதை பொம்மைகளின் இடுக்கிலும் அரசங்கன்று முளைத்திருக்கும். இரண்டு இலை விட்ட நிலையில் விரலால் பிடுங்கிவிடலாம். விரல் பருமன் ஆகிவிட்டால் இழுக்காதீர்கள், வேரோடு சுதையும் பெயர்ந்து வரும். அடியோடு வெட்டி, துளிர்க்கும் போதெல்லாம் திரும்ப வெட்டி, வேர் செத்தபின் எடுத்து, அந்தப் பொந்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கவேண்டும். சிமெண்ட் பூசினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சுண்ணாம்பைவிடச் சிமெண்ட் கெட்டி, ஈரத்தையும் வெளியே விடாது. பூசிய துண்டு அப்படியே நிற்க, சுற்றியுள்ள பழைய சாந்து உதிர்ந்துபோகும். 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. அந்த ஊர்களிலும் தெருவுக்கு நான்கு வீட்டில் இந்தச் சாம்பல் நிறத் திட்டுகளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

முற்றத்துத் தூம்பைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. பத்து வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, எத்தனை நிமிஷத்தில் வடிகிறது என்று எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அதே பத்து வாளிக்கு அதிக நேரம் பிடித்தால் வழியில் அடைப்பு சேருகிறது என்று பொருள். மூங்கில் பிளாச்சு விட்டு எடுக்கலாம். மழைத் தண்ணீர் பிடிக்கும் அண்டா, கிடாரம் எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்துவிடுங்கள். நிமிர்ந்து கிடந்தால் டெங்கு கொசு வளர்க்கிற தொட்டிதான்.

ஒட்டடையிலிருந்து சுவர் வரை

ஒட்டடை அடிக்கும்போது மேலிருந்து கீழ், பின்கட்டிலிருந்து முகப்பு. ஏணியின் கால்களில் சாக்குத் துணியைக் கட்டாமல் ஆத்தங்குடிக் கல்லில் ஊன்றக்கூடாது. வழுக்கும், கல்லும் கீறும். ஏணி நான்கடி உயர்ந்தால் அடி ஓரடி தள்ளி இருக்கவேண்டும். கீழே ஒருவர் பிடித்தே ஆகவேண்டும்.

சரவிளக்கைத் துடைக்குமுன் அந்த அறைக்கு மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலுக்கு மூன்று பங்கு சுத்தத் தண்ணீர் கலந்து, ஒரு கையில் அதில் நனைத்துப் பிழிந்த பருத்திக் கையுறை, மறு கையில் உலர்ந்த கையுறை. நனைந்த கையால் துடைத்து, உலர்ந்த கையால் ஒற்றவேண்டும். விளக்கைச் சுழற்றாதீர்கள், மேலே கொக்கியின் மரை கழலும். பெல்ஜியம் கண்ணாடிகளின்மேல் எதையும் நேரே தெளிக்கக் கூடாது. வழிந்து சட்டத்துக்குள் இறங்கிய ஈரம் பின்பக்க ரசத்தை அரித்துவிடும். கண்ணாடி ஓரத்தில் கறுப்புக் கறுப்பாகப் படர்ந்திருப்பது அப்படி வந்ததுதான். துணியில் தொட்டுத் துடையுங்கள். பழைய போட்டோ, அச்சுப்படம் எதையும் சட்டத்திலிருந்து கழற்றவேண்டாம். சுவரிலிருந்து எடுத்து, பின்பக்கத்தை உலர்ந்த பிரஷால் தட்டி, திரும்ப மாட்டும்போது கீழ்மூலை இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டுங்கள். படத்துக்கும் சுவருக்கும் நடுவில் காற்று ஓடினால் ராமபாணப் பூச்சி அண்டுவது குறையும்.

இனிச் சுவர். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து, பல பூச்சாகப் பூசித் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. நூறு வருஷம் ஆகியும் சில வீடுகளில் அதில் நம் முகம் தெரிகிறது. அந்த மெருகு ஒரு மெல்லிய தோல். இரும்பு நாரோ தேய்ப்பான் பஞ்சோ பட்டால் அந்த இடம் மங்கி நிரந்தரமாகத் தனியே தெரியும். எலுமிச்சை, வினிகர், ஆசிட் மூன்றும் சுண்ணாம்பைக் கரைக்கும். உலர்ந்த மென்துணியால் ஒருமுறை மேலிருந்து கீழே துடைத்துத் தூசியை எடுங்கள். அழுக்கு அப்பியிருந்தால் மட்டும் இறுகப் பிழிந்த துணி. ஈரத்துணியால் துடைக்கும்போது திசையை மாற்றுங்கள்: கீழிருந்து மேல். உலர்ந்த சுவரில் மேலிருந்து அழுக்குத் தண்ணீர் வழிந்தால் கோடு விழும், அதை எடுக்கவே முடியாது. கீழ்ப்பகுதி முன்பே நனைந்திருந்தால் வழிந்தது ஒட்டாது.

உப்புப் பூத்த இடத்தில் தண்ணீரைக் காட்டவே கூடாது. கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். உலர்ந்த பிரஷால் தட்டி, விழும் வெள்ளைத் தூளை முறத்தில் பிடித்து வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள். வாரம் ஒருமுறை மூன்று நான்கு தடவை செய்தால் குறையும். அந்தச் சுவருக்கு எமல்ஷன் பெயின்ட் அடிக்கும் யோசனையைக் கைவிடுங்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, சாந்தையும் பிய்த்துக்கொண்டு வரும். வெள்ளையடிப்பதானால் சுண்ணாம்புதான்.

மரம்

பர்மாத் தேக்கின் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. அதை நம்பி அசட்டையாக இருந்துவிடக்கூடாது. தேக்கிலும் வெளிறிய வெளிமரப் பகுதியும், பெட்டகத்தின் பின்பலகையாக அடித்த மட்ட மரமும், உள்ளே வைத்த கணக்கு நோட்டுகளும் கரையானுக்குத் தீனிதான். சுவரில் மண்கோடு தெரிந்தால் உடனே முழுதையும் துடைக்காதீர்கள். நடுவில் ஓரங்குலம் மட்டும் உடைத்து, பென்சிலால் தேதி போட்டு வையுங்கள். நான்கைந்து நாளில் உடைத்த இடம் மூடியிருந்தால் உள்ளே கரையான் உயிரோடு இருக்கிறது, மருந்தடிக்கும் ஆளைக் கூப்பிடவேண்டும். மூடாவிட்டாலும் நிம்மதி அடையாமல், கோடு எங்கிருந்து ஏறியது என்று தரைவரை தேடிப் பாருங்கள். அநேகமாக ஓர் ஈரக்கசிவில் போய் முடியும். மண்கோட்டைத் துடைத்துவிட்டு வழியை விட்டுவைத்தால் அடுத்த வருஷம் நிலையே கூடாகியிருக்கும்.

உளு (மரத்தைத் துளைக்கும் பூச்சி) வேறு. மரத்தில் குண்டூசித் துளை, கீழே மாவு. பழைய துளையா புதியதா என்று கண்ணால் சொல்லமுடியாது. கூட்டிவிட்டு அடியில் கறுப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் விடுங்கள். காகிதத்தில் வெளிறிய மாவு விழுந்திருந்தால் பூச்சி வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்தச் சாமானை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

நிலையின் சிற்பவேலையில் தூசியோடு எண்ணெய்ப் பிசுக்கும் விளக்குப் புகையும் சேர்ந்து கட்டியாகியிருக்கும். முதலில் உலர்ந்த பெயின்ட் பிரஷ். ஒரு கையில் பிரஷ், மறு கையில் வேக்குவம் கிளீனர் குழாயை இரண்டங்குலம் தள்ளிப் பிடித்தால் தூசி பறக்காது. கட்டிப்பட்ட இடத்துக்கு, அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திர சோப்பு. துணியை நனைத்து, சொட்டுப் போகப் பிழிந்து, ஒரு சாண் அகலத்துக்கு மேல் ஒரே சமயத்தில் தொடாமல் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றவேண்டும். பெயின்ட் அடித்த பழைய மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய பெயின்டில் காரீயம் இருக்கலாம், அந்தத் தூள் குழந்தைகளுக்கு விஷம்.

இரண்டு நாள் காய்ந்தபின் எண்ணெய். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் மரத்தில் உலராது. பிசுபிசுத்து ஆறு மாதத் தூசியையும் பிடித்து வைக்கும். அந்தக் கட்டி அழுக்கில் பாதி அப்படி வந்ததே. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் டர்பென்டைனும் சமபங்கு கலந்து, துணியால் மிக மெல்லிசாகத் தடவி, 20 நிமிஷம் கழித்து உலர்ந்த துணியால் முழுதும் துடைத்தெடுங்கள். தொட்டால் விரலில் ஒட்டக்கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதை வேலையாட்கள் எல்லாருக்கும் உரக்கச் சொல்லவேண்டும். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூட்டை வெளிவிடும். அந்த எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் சூடு உள்ளே அடைபட்டு, நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். மூங்கில் பாயும் பழைய காகிதமும் நிறைந்த வீட்டில் அப்படி ஒரு மூட்டை ராத்திரி கிடந்தால் என்ன ஆகும்! ஒவ்வொரு துணியையும் கொடியில் தனித்தனியாக விரித்துக் காயப்போட்டு, விறைத்தபின் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள்.

பாத்திரம்

பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் புளி. எலுமிச்சையளவு பழம்புளியை அரை லிட்டர் வெந்நீரில் கரைத்து ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டால், நடுத்தரக் குடம் மூன்றுக்குக் காணும். தடவி மூன்று நான்கு நிமிஷம்தான் விடவேண்டும். புளியைத் தடவிவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் பித்தளை செம்பு நிறத்துக்கு மாறியிருக்கும். புளியும் உப்பும் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிட, செம்பு மட்டும் மேலே நிற்கிற நிறம் அது. தேய்த்ததும் மூன்று தண்ணீரில் அலசி, சிவப்பு நூல் வாளியில் கடைசியாக முக்கி, உடனே துணியால் துடைத்து ஒரு மணி நேரம் வெயிலில் கவிழ்க்கவேண்டும். வடியட்டும் என்று விட்டால் அலசலில் தப்பிய உப்பு, சொட்டு நின்ற இடத்தில் கறுப்புப் புள்ளியாகும். பிறகு விபூதியைத் துணியில் தொட்டுத் துடைத்தால் மெருகு நிற்கும்.

செங்கல் தூளும் மணலும் வேண்டாம். சீராக வந்த பாத்திரங்களின் விளிம்பில் இனிஷியல் வெட்டியிருக்கும். இரண்டு தலைமுறை மணல் தேய்ப்பில் அந்த எழுத்து மறைந்துபோன குடங்கள் எத்தனையோ. எந்த ஆச்சியின் சீர் என்று சொல்ல அந்த எழுத்தை விட்டால் வேறு ஆதாரம் இல்லை. துப்புரவோடு துப்புரவாக, எழுத்தின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக்கொள்வது பத்து நிமிஷ வேலை.

ஈயம் (வெள்ளீயம்) பூசிய பாத்திரத்தின் உட்புறத்தில் புளியும் படக்கூடாது, நாரும் படக்கூடாது. உள்ளே செம்போ பித்தளையோ திட்டுத் திட்டாகத் தெரிந்தால் ஈயம் பூசாமல் அதில் சாம்பாரோ ரசமோ வைக்காதீர்கள். எனாமல் கேரியர், பேசின்களுக்குச் சோப்புத் தண்ணீரும் துணியும். வெயிலில் சூடேறியதைப் பச்சைத் தண்ணீரில் முக்கினால் மேற்பூச்சு தெறிக்கும். உள்ளே தெறித்திருந்தால் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கு எடுக்கவேண்டாம்.

துணிமணியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பட்டுப் புடவைகளை நிழலில் அரைமணி விரித்து, பழைய மடிப்பு விழாதபடி வேறு இடத்தில் மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். ஒரே மடிப்பில் பத்து வருஷம் இருந்தால் ஜரிகை அங்கேதான் முறியும். கண்டாங்கிச் சேலையைத் தனியாக நனையுங்கள், முதல் சில நனைப்பில் சாயம் இறங்கலாம்.

ஆத்தங்குடித் தரை

தரைக்கு வந்துவிட்டோம். வாளிக்கு வேளை வந்தது, அதுவும் அரை வாளி.

ஆத்தங்குடிக் கல் சூளையில் வைத்து எடுத்ததில்லை. கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமெண்ட் குழம்பை அச்சுக்குள் ஊற்றி, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கலவையால் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து இறுக்கியது. கண்ணாடியைத் தொட்ட முகம்தான் நாம் பார்க்கும் பளபளப்பு. வண்ணம் சில மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகாது. ஆசிட் ஊற்றினால் அந்த முகம் பொங்கிப் பொரியும். மொசைக் மெஷின் போட்டுத் தீட்டினால் மெருகு போய், வண்ணமும் கரையும். "பாலிஷ் போட்டுத் தருகிறோம்" என்று மெஷினோடு வருபவர்களை இந்தத் தரைக்கு விடாதீர்கள். நடமாட்டத்திலும் துடைப்பிலும் மெருகு கூடும் கல் இது.

முதலில் பூந்துடைப்பத்தால் இரண்டு முறை கூட்டுங்கள். ஈர்க்கு மாறு கீறும். கூட்டாமல் விட்ட மணலின்மேல் ஈரத்துணியைத் தள்ளினால் அது உப்புத்தாள்தான். பிறகு 15 லிட்டர் வாளியில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவ சோப்பு. எலுமிச்சை வாசனை என்று போட்டதில் புளிப்பு இருக்கலாம், அதைத் தவிர்த்துவிடுங்கள். சீயக்காயும் வேண்டாம், அதுவும் புளிப்புள்ளது, மஞ்சளும் ஏற்றும். துணியைப் பிழிந்து, பத்தடிக்குப் பத்தடியாகத் துடைத்து, பின்னாலேயே ஒருவர் வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, மூன்றாமவர் உலர்ந்த துணி போடவேண்டும். மூன்று பேர் வரிசையாகப் போனால் ஒரு பெரிய வளவுப் பத்தி முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். தண்ணீரை மூன்று பத்திக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். சோப்பு தங்கினால் தரை மங்கலாகும், உடனே மறுபடி சோப்புப் போடுவார்கள், இன்னும் மங்கும்.

எண்ணெய்க் கறைக்குச் சாக்பீஸ் தூளை ஸ்பிரிட் விட்டுப் பிசைந்து கால் அங்குலக் கனத்தில் அப்பி, பாலிதீன் போட்டு மூடி, ஓரத்தை டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பக்கத்தில் விளக்கு எரியக்கூடாது. மறுநாள் பாலிதீனை எடுத்துத் தானாகக் காயவிட்டு, பிளாஸ்டிக் அட்டையால் வழியுங்கள். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை வேண்டும். இரும்புப் பெட்டி வைத்த துருக்கறை வேறு கதை. துரு எடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை ஆசிட். கறையோடு கல்லின் முகமும் போகும். அந்தத் துரு வட்டம் அங்கேயே இருக்கட்டும். அடுத்த முறை பெட்டிக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள். நடுவீட்டுக் கோலத்தின் காய்ந்த மாவை ஈரத்துணியால் ஐந்து நிமிஷம் மூடி வைத்தால் ஊறி வந்துவிடும், சுரண்டவேண்டாம்.

தேங்காயெண்ணெய் போடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஆள் புழங்கும் வீட்டில், நன்றாகக் காய்ந்த தரையில், ஒரு பெரிய துணிக்குப் பத்துச் சொட்டு என்ற கணக்கில் தேய்த்து, வெறுந்துணியால் துடைத்துவிட்டால் நன்றாக இருக்கும். உடனே பூட்டப்போகும் வீட்டில் போடாதீர்கள்.

கிணறும், திரும்பப் பூட்டுவதும்

கிணற்றுத் தண்ணீரில் நாற்றமோ செத்த பிராணியோ இருந்தால் முழுக்க இறைத்துத் தூர் எடுத்தே ஆகவேண்டும். தெளிவாக இருந்தால் பிளீச்சிங் பவுடர். 33 சதவீதம் குளோரின் உள்ள புதுப் பவுடரில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். கிணற்றின் விட்டம் 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்றால் சுமார் 9,400 லிட்டர், 24 கிராம் போதும். வாளியில் குழைத்து, முக்கால் வாளித் தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிஷம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, அதைக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி மேலும் கீழுமாக அசைக்கவேண்டும். அடியில் நிற்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். இந்தப் பவுடரும் கக்கூஸ் ஆசிடும் ஒரே வாளியில் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். இரண்டையும் வேறு நாளில், வேறு ஆள் கையில் கொடுங்கள்.

விசேஷம் முடிந்து பூட்டும் நாளில், பெட்டகங்களையும் அலமாரிகளையும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து, கோரைப்பாய்களை வெயிலில் காயப்போட்டுச் சுருட்டி நிற்கவையுங்கள். படுக்க வைத்தால் அடிப்பாயில் ஈரம் தங்கும். அடுப்படியில் அரிசி, பருப்பு, வெல்லம் ஒரு பிடிகூட மிச்சம் வேண்டாம். கறுப்புக் காகிதங்களை மாற்றி விரித்து, கேஸையும் மெயினையும் அணைத்து, கடைசியாக ஒரு தாளில் தேதி, எந்த மூலையில் ஒழுகல், எந்த மண்கோட்டை உடைத்து வைத்தது, முற்றம் எத்தனை நிமிஷத்தில் வடிந்தது, எந்தச் சாவி யாரிடம் என்று எழுதி, முகப்பு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். அடுத்து வந்து திறப்பவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், வேறு புள்ளியின் மருமகளாக இருக்கலாம். தூசியைக் கூட்டுமுன் அந்தத் தாளை எடுத்துப் படிக்கவேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.